கும்பகோணமா, கோவையா, நெல்லையா: வீகனா இருக்க எந்த ஊர் ஈஸி?

உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். சென்னையில ஒன்றரை வருஷமா வீகனா, அதாவது கறி மீன் முட்டையோட பால், நெய், தேன் எதையும் தொடாம இருக்கீங்க, பேங்க்ல டிரான்ஸ்ஃபர் வருது, கும்பகோணம், கோயம்புத்தூர், திருநெல்வேலி மூணுல எது முதல் சாய்ஸ்னு எழுதிக் குடுக்கணும், கும்பகோணம் கோயில் ஊர், தெருவுக்கு ரெண்டு சைவ ஓட்டல், அப்ப அதுதானே ஈஸி, இதான் நீங்க கேட்டது. ஆனா நடுவுல போற போக்குல ஒரு வரி எழுதிருந்தீங்க பாருங்க, முதல் ஆறு மாசம் பிஜில தான் இருப்பேன், சமைக்க முடியாதுன்னு. நிஜமான கேள்வி அதுதாங்க. சொந்தமா ஒரு அடுப்பு இருந்தா மூணு ஊரும் ஒண்ணுதான், அரிசி பருப்பு தேங்கா காய் கிடைக்காத ஊர் தமிழ்நாட்டுல எங்க இருக்கு. அடுப்பு இல்லாம, மூணு வேளையும் அடுத்தவங்க கை சமையல நம்பி, தினமும் சர்வர் கிட்ட பஞ்சாயத்து பண்ணாம, பட்டினியும் கிடக்காம எந்த ஊர்ல ஓட்டலாம்ங்கறதுதான் நீங்க கேக்கறது.

எனக்கு இதுல என்ன தெரியும்னு முதல்ல சொல்லிடறேன். நான் வீகன் ஆகி 11 வருஷம் ஆச்சு. வேலை, லேப்ல ரத்தப் பரிசோதனை பண்ற மெஷின் இருக்கும்ல, அதோட சர்வீஸ் இன்ஜினியர். மாசத்துல 20 நாள் வெளியூர், ஒசூர்லேந்து நாகர்கோவில் வரைக்கும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜும் அதுக்குக் கீழ இருக்கற டிஃபன் கடையும்தான் என் வீடு மாதிரி. அதோட இன்னொண்ணு, எங்கப்பா திருச்சியில சின்னதா ஒரு மெஸ் நடத்தினாரு, நான் காலேஜ் முடிக்கற வரைக்கும் காலைல மாவு கிரைண்டர் கழுவினவன், அதனால ஓட்டல் சமையக்கட்டுல எது எதுக்குள்ள போகும்னு கொஞ்சம் கைப்பழக்கமா தெரியும். டாக்டரோ டயட்டீஷியனோ கிடையாது, உடம்பு சம்பந்தமா கீழ சொல்றத அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கங்க.

நேரா விஷயத்துக்கு வரேன். சைவ ஊர் வேற, வீகனுக்கு ஈஸியான ஊர் வேற, இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுதான் நானும் முதல் ரெண்டு வருஷம் ஏமாந்தேன். நம்ம பக்கம் சைவம்னா கறி, மீன், முட்டை இல்லன்னு அர்த்தம், அவ்ளோதான். பாலும் நெய்யும் சைவத்துக்குள்ள இருக்கு, சும்மா இல்ல, நடு வீட்டுல உக்காந்திருக்கு. எவ்ளோ உசந்த சைவ ஓட்டலோ அவ்ளோ நெய். பொங்கல்ல நெய், கேசரில நெய், ரசத்துக்குத் தாளிப்பு நெய்ல, சாம்பார் இறக்கறப்ப மேல ஒரு கரண்டி, இட்லிக்குப் பொடியோட நெய், காப்பிக்குக் கறந்த பால். இதையெல்லாம் அவங்க ஒளிச்சு வைக்கறதில்ல, பெருமையா போர்டுல எழுதி வெக்கறாங்க. மாறா, பஸ் ஸ்டாண்ட் ஓரத்துல ஒரு அக்கா தள்ளுவண்டில இட்லி ஊத்துது, பக்கத்து சட்டியில மீன் குழம்போ தலைக்கறியோ கொதிக்குது, அங்க உங்களுக்கு ஆபத்து கம்மி. ஏன்னா நெய் கிலோ 600 ரூபாய்க்கு மேல, பத்து ரூபா இட்லில அதை ஊத்தினா அந்த அக்காவுக்குக் கட்டாது. இட்லி, தேங்கா சட்னி, தக்காளி சட்னி, பருப்பு சாம்பார், எல்லாம் கடலை எண்ணெய் இல்லன்னா பாமாயில். கேக்க ஒரு மாதிரியா இருக்கும், ஆனா 11 வருஷத்துல என்னைக் காப்பாத்தினது யாரோட கொள்கையும் இல்ல, நெய்யோட விலைதான்.

அதனால நான் ஊர்களை எடை போடறது ரெண்டே கேள்வில. அந்த ஊர் சாப்பாட்டுல ருசிக்கும் கொழுப்புக்கும் பசும்பால் பக்கம் போறாங்களா, தேங்கா பக்கம் போறாங்களா? அடுத்தது, குடிக்கறதுக்கு பால் இல்லாத ஒண்ணு அந்த ஊர்ல சகஜமா இருக்கா? வீகன் கஃபே எத்தன இருக்குன்னு நான் எண்றதே இல்ல, அது ஞாயித்துக்கிழமை விஷயம், தினப்படி சோத்துக்கு ஆகாது.

இந்தக் கணக்குல திருநெல்வேலி உங்களுக்கு முதல். அல்வா ஊராச்சேன்னு கேப்பீங்க. அல்வா கிடைக்காதுதான், அதுல இருக்கற பால் கோதுமைப் பால்தான்னாலும் மேல நெய் மிதக்கும். ஆனா அதை விட்டுட்டுப் பாருங்க, சொதி அந்த ஊரோடது, தேங்கா முதல் பால் ரெண்டாம் பால்னு பிழிஞ்சு காய் போட்டு, இஞ்சித் தொவையலோட சாப்பிடறது, கல்யாண வீட்டுல மறுநாள் விருந்தே அதுதான். யாழ்ப்பாணத்துலயும் அதே பேர்ல சொதி இருக்கு, இடியாப்பத்துக்கு ஊத்திக்குவாங்க. கூட்டாஞ்சோறு, உளுந்தஞ்சோறும் எள்ளுத் தொவையலும், புட்டு, ஆப்பம் தேங்காப்பால், இதெல்லாம் யாரும் வீகன்னு பேர் வெச்சுப் பண்ணல, பழக்கமே அப்படி. சொதிக்கு சில வீட்டுல நெய்ல தாளிப்பாங்க, அதை மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. அவியல் மட்டும் ரெண்டு விதம், தெக்க போகப்போக தயிருக்கு பதிலா மாங்கா இல்லன்னா புளி போடறவங்களும் உண்டு, தயிர் போடறவங்களும் உண்டு, கேக்காம தொடாதீங்க. குடிக்கறதுக்கு கருப்பட்டிக் காப்பி, பால் இல்லாமலே அது ஒரு முழுக் காப்பி, கேட்டா யாரும் ஏற இறங்கப் பாக்க மாட்டாங்க. சீசன்ல பதநீர், நுங்கு, பனங்கிழங்கு.

இனிப்பு விஷயத்துல அந்தப் பக்கம் இன்னும் வசதி, இதைக் கொஞ்சம் நீட்டி சொல்றேன் ஏன்னா ஆபீஸ்ல ட்ரீட் குடுக்கற நிலைமை வரும். கோவில்பட்டி கடலைமிட்டாய், 2020ல புவிசார் குறியீடு வாங்கினது, நிலக்கடலையும் வெல்லமும்தான். கருப்பட்டி மிட்டாய் அரிசி உளுந்து மாவ எண்ணெய்ல புழிஞ்சு கருப்பட்டிப் பாகுல போடறது. சாத்தான்குளம் பக்கம் முதலூர்னு ஒரு ஊர், அங்க மஸ்கோத் அல்வான்னு ஒண்ணு, நெய்க்கு பதிலா தேங்காப்பால் ஊத்திக் கிண்டறது, அந்த எண்ணெயே தேங்காலேந்து பிரிஞ்சு வரும். கீழக்கரைப் பக்கம் தொதல் கிடைக்கும், அதுவும் அரிசி மாவு, தேங்காப்பால், கருப்பட்டி. ஒரே ஒரு எச்சரிக்கை, தூத்துக்குடி மக்ரூன். முந்திரி சர்க்கரைன்னு சொல்லித்தான் குடுப்பாங்க, அது முட்டை வெள்ளைக்கருவ அடிச்சு நுரையாக்கிப் பண்றது, சுத்த சைவக்காரங்களே தெரியாம டப்பா டப்பாவா வாங்கிட்டுப் போறத பாத்திருக்கேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா பத்தி சொல்ல வேண்டியதில்ல, பேர்லயே இருக்கு. பழனி பஞ்சாமிர்தத்துல வாழைப்பழம்தானேன்னு நினைப்பாங்க, தேனும் நெய்யும் அதுல உண்டு.

கோயம்புத்தூர் ரெண்டாவது, ஆனா காரணம் வேற. அது பெரிய ஊர், சோயா பால், ஓட்ஸ் பால், டோஃபு எல்லாம் சூப்பர் மார்க்கெட்லயும் பத்து நிமிஷ டெலிவரி ஆப்லயும் கிடைக்கும், நீங்க சென்னையில பழகின வாழ்க்கைய பெரிசா மாத்த வேண்டாம். விலைதான், பசும்பால விட ரெண்டு மடங்குக்கு மேலயே ஆகும். கொங்கு வீட்டுச் சமையல் நல்லா இருக்கும், கொள்ளுப் பருப்பு, கொள்ளு ரசம், பச்சைப்பயறு கடையல், சந்தகையும் தேங்காப்பாலும், புரதத்துக்கு நீங்க பவுடர் வாங்கவே வேண்டாம், ஆனா இந்த சாப்பாடு மெஸ்ஸுல கிடைக்கற அளவுக்கு பெரிய ஓட்டல்ல கிடைக்காது. அரிசிம்பருப்பு சாதத்துக்கு மேல நெய் ஊத்தித்தான் தருவாங்க, முன்னாடியே சொல்லணும். கோயம்புத்தூர்ல தொல்லை எதுன்னா பேக்கரி. அங்க டீக்கடையே பேக்கரிதான், சாயங்காலம் ஆபீஸ் கூட்டம் மொத்தமும் அங்க நிக்கும், பன், பப்ஸ், கேக், பிஸ்கட் எல்லாத்துலயும் வெண்ணெயோ பால் பவுடரோ முட்டையோ ஏதாவது ஒண்ணு. தேங்கா பன்ல தேங்கா இருக்கேன்னு சந்தோஷப்படாதீங்க, பன்னு மாவுலயே மாட்டிக்குவீங்க. ரோட்டோரம் காளான் கடை இருக்கும், மைதாவும் முட்டைக்கோசும் மசாலாவும், அது பெரும்பாலும் பால் சேராதது, ஆனா அதே எண்ணெய்ல வேற என்னத்த பொரிச்சாங்கன்னு யாருக்குத் தெரியும். வரக்காப்பி கேட்டா போட்டுத் தருவாங்க.

கும்பகோணம் மூணாவதுன்னு சொன்னா அந்த ஊர்க்காரங்க சண்டைக்கு வருவாங்க, சாப்பாடு குறைன்னு சொல்லலீங்க, நான் சாப்பிட்டதுலயே நல்ல சாப்பாடு நாலஞ்சு அந்த ஊர்லதான். ஆனா இலை போட்டு, பொரியல் வெச்சு, சாதம் வந்து, பருப்பு வந்து, நீங்க வாயத் தொறக்கறதுக்குள்ள நெய் விழுந்திருக்கும். பரிமாறறவர் கை அப்படி ஓடும், நெய் இல்லாம பருப்பு போடறது அவருக்கு உங்கள அவமானப்படுத்தற மாதிரி. வேண்டாம்னு சொன்னா டயட்டான்னு கேட்டுட்டு பாதிக் கரண்டி ஊத்துவாரு. சாதம் வந்ததும் இடது கைய இலைக்கு மேல குடை மாதிரி பிடிங்க, பேச்ச விட அது வேலை செய்யும். அதுக்கப்புறம் ரசம். ஒரு கோயில் ஊர்ல ஒரு மெஸ், பேர் வேண்டாம், ரெண்டு வருஷம் போறப்பல்லாம் அங்க ரசம் மட்டும் தைரியமா மூணு தடவ வாங்கிக் குடிப்பேன், புளித்தண்ணில என்ன பால் இருக்கப் போவுதுன்னு. ஒரு நாள் கை கழுவப் பின்பக்கம் போனப்ப மாஸ்டர் ஒரு பெரிய கரண்டி நெய்ல கடுகும் சீரகமும் பொரிய விட்டு அண்டாக்குள்ள கவுத்தாரு. மெஸ்ஸுக்காரன் புள்ளை எனக்கே தோணல பாருங்க, எங்கப்பா மெஸ்ஸுல ரசத்துக்கு எண்ணெய்தான், ஏன்னா கட்டுப்படி ஆகாது.

அதுக்குன்னு கும்பகோணத்துல ஒண்ணுமே கிடைக்காதுன்னு இல்ல. கடப்பா இருக்கு, பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்கா கசகசா அரைச்சு ஊத்தினது, இட்லிக்கோ தோசைக்கோ, இந்த ஊர்ப் பக்கத்த தாண்டினா அவ்ளோவா கிடைக்காது. வத்தக்குழம்பு நல்லெண்ணெய்ல பண்றது, சுட்ட அப்பளம், வாழைக்காய் பொரியல், இந்த மூணோட ஒரு மத்தியானத்த நிம்மதியா முடிச்சுடலாம். கஷ்டம் காலைலயும் சாயங்காலமும்தான், அந்த ஊர்ல டிகிரி காப்பி வேண்டாங்கறது சாதாரண விஷயம் இல்ல. ஒரு லேப் ஓனர் வீடு, மெஷின் ரிப்பேர் முடிச்சுட்டு உக்காந்திருக்கேன், அவரோட அம்மா, எழுபது வயசுக்கு மேல இருக்கும், பித்தளை டவராவுல காப்பி எடுத்துட்டு வராங்க. எனக்குப் பால் பழக்கமில்லமான்னு சொன்னேன். உள்ள போயி ஹார்லிக்ஸ் கலந்து எடுத்துட்டு வந்தாங்க. அதுலயும் பால் இருக்கேம்மான்னேன். ஒரு நிமிஷம் என்னையே பாத்துட்டு, அப்ப தயிர் சாதமாவது சாப்பிடு, வெயில்ல வந்திருக்கன்னாங்க. அவங்களுக்கு பால்னா டம்ளர்ல இருக்கற வெள்ளை மட்டும்தான், தயிர் வேற ஜாதி, நெய் வேற ஜாதி. கடைசில நான் வெறும் வெந்நீர் வாங்கிக் குடிச்சேன், அவங்க முகம் தெளியல. சாப்பாட்டுப் பிரச்சனைய சமாளிச்சுடலாம், இந்த மாதிரி ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு முகத்த வாட வெக்கறது எனக்கு இன்னிக்கும் கஷ்டமாதான் இருக்கு.

கேக்கறது எப்படின்னு ஒரு விஷயம் சொல்லிடறேன், எந்த ஊர் கிடைச்சாலும் உதவும். வீகன்னு சொன்னா புரியாது, நனிசைவம்னு ஒரு நல்ல தமிழ்ச் சொல் இருக்கு, அதைச் சொன்னா இன்னும் புரியாது. பால் சேர்க்காமன்னு சொன்னா நெய் வரும், நெய் இல்லாமன்னு சொன்னா வெண்ணெய் வரும். நாலையும் பேர் சொல்லிக் கேக்கணும், பால் தயிர் நெய் வெண்ணெய் எதுவும் வேண்டாம், எண்ணெய் போதும்னு. அந்த எண்ணெய் போதும்ங்கறது முக்கியம், இல்லன்னா வெறும் கல்லுல ஒட்டிப்போன தோசை வரும். காரணம் கேட்டா பால் ஒத்துக்காதுன்னு சொல்லிடறேன், நம்ம பக்கம் நிறைய பேருக்கு நிஜமாவே பால் ஒத்துக்கறதில்ல, அதனால நம்புவாங்க. இது பொய்தானேன்னு நீங்க கேட்டா ஆமா பொய்தான், டிபன் கடையில காலைல எட்டு மணிக்கு மாட்டுப் பண்ணை பத்தி பேச எனக்கு திராணி இல்ல. சபரிமலைக்கு மாலை போட்டவருக்குத் தனிச் சட்டி வெச்சு சமைச்சுக் குடுக்கற ஊருங்க இது, விரதம்னா உடனே மதிப்பாங்க, கொள்கைன்னா யோசிப்பாங்க.

எது நிச்சயம், எது சந்தேகம்னு பிரிச்சுக்கறது நல்லது. இட்லி, கல்தோசை, உளுந்து வடை, இடியாப்பம், புட்டு, சுண்டல் இதெல்லாம் மாவுல பால் கிடையாதுன்னு தைரியமா சொல்லலாம், மேல ஊத்தறது மட்டும்தான் நம்ம கவலை. பூரியும் பெரும்பாலும் சரி. ரவா தோசையில மோர் ஊத்திக் கரைக்கறவங்க உண்டு, அது எனக்கு எப்பவும் சந்தேக லிஸ்ட்தான். குருமாவுல தேங்காவும் முந்திரியும்தான் இருக்கணும், பெரிய ஓட்டல்னா தயிரோ ஃபிரஷ் கிரீமோ சேரும். வெள்ளைப் பணியாரம், காரைக்குடி பக்கம் போனா சாப்பிடத் தோணும், மாவுல கொஞ்சம் பால் விடற வழக்கம் இருக்கு. புரோட்டா இருக்கறதுலயே மோசம், மாவுல முட்டை, பால், டால்டா எது வேணா இருக்கலாம், எதுவும் இல்லாமலும் இருக்கலாம், மாஸ்டர் மாறினா மாவு மாறும், அவர கேட்டாலும் நேத்து பிசைஞ்சது யாருன்னு அவருக்கே தெரியாது. சால்னாவ விட்டுடுங்க. சின்னக் கடையில நெய் ரோஸ்ட்னு தரது நிறைய இடத்துல வனஸ்பதிதான், அது பாமாயில்லேந்து பண்றது, டெக்னிக்கலா வீகன், அதுக்காகத் தேடிப் போயி சாப்பிடற பொருளும் இல்ல. முட்டை போண்டா போடற எண்ணெய்லயே பஜ்ஜி போடுவாங்க, அது உங்களுக்கு ஓகேவா இல்லையான்னு நீங்கதான் முடிவு பண்ணணும், நான் சின்ன ஊர்ல பாக்கறதில்ல. சர்க்கரைய எலும்புக் கரியில வடிகட்டிச் சுத்தம் பண்றாங்கன்னு வெளிநாட்டு வீடியோ பாத்துட்டு சிலர் பயப்படுவாங்க, நம்ம ஊர் ஆலைங்க பெரும்பாலும் கந்தக முறைல சுத்தம் பண்றவங்க, அதை நினைச்சுத் தூக்கத்த கெடுத்துக்க வேண்டாம்.

பாக்கெட்ல பச்சைப் புள்ளி இருந்தா போதும்னு நினைச்சுடாதீங்க, அது சைவம்னுதான் சொல்லுது, பாலும் தேனும் உள்ள இருக்கலாம். மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ 2022ல வீகன் உணவுக்குன்னு தனி விதிமுறை போட்டு, பச்சை நிறத்துல வி எழுத்து, அதுல ஒரு குட்டி இலைன்னு தனி முத்திரையும் குடுத்திருக்கு. ஆனா பெரிய கடையில நாலஞ்சு பாக்கெட்ல அதைப் பாப்பீங்க, மாவட்டத்து மளிகைக் கடையில பாக்கவே மாட்டீங்க, அங்க பின்பக்கத்துப் பொடி எழுத்துல பால் திடப்பொருள்னு எழுதிருக்கான்னு தேடிப் படிக்கறதுதான் வழி. சோயா பால் வாங்கறப்ப பாக்கெட்ல பால்னு போடாம பானம்னு போட்டிருந்தா குழம்பாதீங்க, 2021லேந்து செடியிலேந்து வர்றத பால்னு விக்கக் கூடாதுன்னு கெடுபிடி, தேங்காப்பாலுக்கு மட்டும் அந்தத் தொல்லை இல்ல. சோயா பாலை ரொம்ப சூடான காப்பில ஊத்தினா திரிஞ்சு போகும், கொஞ்சம் ஆறவிட்டு ஊத்துங்க. சுத்திப் போறப்ப மதுரை வழியா போனீங்கன்னா ஜிகர்தண்டாவ விட்டுட்டு பருத்திப்பால் குடிங்க, பருத்திக் கொட்டைய அரைச்சுப் பிழிஞ்சு கருப்பட்டி சுக்கு தேங்காப்பூ போட்டது, ஓட்ஸ் பாலுக்கெல்லாம் முப்பாட்டன், தள்ளுவண்டில சூடா தருவாங்க.

உடம்பு பத்தி நீங்க கேக்கல, ஆனா நான் பாக்கற வேலை அப்படி, சொல்லாம விட முடியல. வைட்டமின் பி12 மாத்திரைய எந்த ஊர் போனாலும் விடாதீங்க, இதுல சந்தேகமே கிடையாது. செடில நம்பி எடுத்துக்கற மாதிரி பி12 இல்ல. பழைய சோறு நீச்சத்தண்ணில இருக்கு, ஸ்பைருலினாவுல இருக்குன்னு வாட்ஸ்அப்ல வரும், ஸ்பைருலினாவுல இருக்கற பெரும்பங்கு நம்ம உடம்புக்கு உதவாத வேற வடிவம், பழைய சோத்த ருசிக்கு சாப்பிடுங்க, அதை மருந்தா நம்பாதீங்க. என் கதையே சொல்றேன், மூணாவது வருஷம் ஒரு லேப்ல மெஷின் சரி பண்ணி முடிச்சு டெஸ்ட் ரன்னுக்கு என் ரத்தத்தையே விட்டேன், பி12 140ன்னு வந்துச்சு, சாதாரணமா 200க்கு மேல இருக்கணும். மெஷின்தான் தப்புன்னு நினைச்சு இன்னொரு தடவ காலிபரேட் பண்ணினேன், திரும்பவும் அதே நம்பர். அப்பதான் யோசிச்சேன், கால் விரல் மரத்துப் போறது லாட்ஜ் கட்டிலால இல்லன்னு. கீரையும் பருப்பும் நிறைய சாப்பிடறதால ஃபோலேட்ங்கற இன்னொரு பி வைட்டமின் நல்லா இருக்கும், அது ரத்த சோகைய மறைச்சிடும், நரம்பு மட்டும் சத்தமில்லாம கெடும், அதனால உடம்பு நல்லாத்தானே இருக்குங்கற பேச்சு வேண்டாம், வருஷத்துக்கு ஒரு டெஸ்ட், டோஸ் எவ்ளோன்னு டாக்டர கேளுங்க. டாக்டர் பால் குடிம்மான்னு சொல்லி அனுப்பினா இன்னொரு டாக்டர பாருங்க, பால் குடிக்கற சைவக்காரங்களுக்கே பி12 குறைவா வர்ற ரிப்போர்ட்ட நான் வாரா வாரம் பாக்கறேன். கேப்ஸ்யூல் கூடு ஜெலட்டினா இருக்கும், அது மிருகத் தோல் எலும்புலேந்து வர்றது, மாத்திரையா கேளுங்க. வைட்டமின் டி3 நிறைய பிராண்டுல ஆட்டு ரோமத்து மெழுகுலேந்து எடுக்கறது, பாறையில மரத்துல பாசி மாதிரி படர்ற லைக்கன்லேந்து எடுத்ததும் விக்கறாங்க, ஆன்லைன்லதான் கிடைக்கும். கால்சியத்துக்குக் கேழ்வரகு, 100 கிராம்ல கிட்டத்தட்ட 350 மில்லிகிராம், மூணு ஊர்லயும் காலைல கூழ் வண்டி வரும், மோர் ஊத்தறதுக்கு முன்னாடி நிறுத்தச் சொல்லணும்.

வீடு பாக்கறப்ப ஒண்ணு கவனிப்பீங்க, கும்பகோணத்துல சைவம் மட்டும்னு போர்டு மாட்டின வீடு நிறைய இருக்கும், நமக்கு வசதிதானேன்னு தோணும். அந்தப் போர்டு சாப்பாட்ட பத்தினது இல்லங்க, நீங்க என்ன ஆளுங்கன்னு நேரா கேக்கக் கூச்சப்பட்டு சுத்தி வளைச்சுக் கேக்கறது. நான் பால் கூட தொடறதில்லன்னு சொன்னப்பவும் ஒரு வீட்டுக்காரர் அடுத்த கேள்வியா அப்பா பேரும் சொந்த ஊரும்தான் கேட்டாரு. நான் வேற தெரு பாத்துக்கிட்டேன்.

அதனால ஃபார்ம்ல திருநெல்வேலி, கோயம்புத்தூர், கும்பகோணம், இந்த வரிசைல எழுதுங்க. உங்களுக்கு சோயா லாட்டே, டோஃபு இல்லாம இருக்க முடியாதுன்னா மட்டும் முதல் ரெண்டையும் மாத்திக்கங்க. கும்பகோணமே விழுந்தாலும் அழ வேண்டாம், பேங்க் கேன்டீன்லயோ பக்கத்துலயோ ஒரே ஒரு சின்ன மெஸ்ஸ பிடிச்சு ஒரு மாசக் கணக்கு எழுதிட்டா நாலாவது நாள்லேந்து அந்த அம்மாவே தாளிக்கறதுக்கு முன்னாடி உங்களுக்குன்னு ஒரு கிண்ணம் ரசம் தனியா எடுத்து வெச்சிடுவாங்க, பத்து ஓட்டல் மாறினா பத்து இடத்துலயும் விளக்கம் சொல்லணும். அப்புறம் பிஜிக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி சின்ன ரைஸ் குக்கர் ஒண்ணு ரூம்ல வெச்சுக்கலாமான்னு கேட்டுடுங்க, நிறைய இடத்துல இண்டக்ஷன் அடுப்புக்கு முடியாதும்பாங்க, குக்கருக்கு தலையாட்டிடுவாங்க. அதுல சோறும் பயறும் ஒண்ணா வெந்துடும், ஊறுகாயும் ஒரு பாட்டில் நல்லெண்ணெயும் வீட்டுலேந்தே எடுத்துட்டுப் போங்க.